தகவலாளர் பதினேழு

1

சென்ற நவம்பரில் ஒரு புதன்கிழமை மதியம், எங்கள் துறைச் செயலாளர் ஃப்ராவ் லூடர்ஸிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் வேலை செய்யும் பல்கலைக்கழகம் வடக்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறது. மனிதர்கள் தங்கள் உடம்புக்காக எதை, ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஆராய்வது என் தொழில். சத்து மாத்திரை, இருமல் மருந்து, எடை குறைக்கும் தேநீர், இப்படி. மார்ச் மாதம் இதே விஷயமாக எங்கள் ஊரில் ஒரு கருத்தரங்கு. அதில் தலைமை உரை ஆற்ற சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறாராம். 'நீங்களும் சென்னைதானே, ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்து வர முடியுமா? அவர் சைவம் என்று எழுதியிருக்கிறார். எங்கே சாப்பிட அழைத்துப் போகலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்' என்று எழுதியிருந்தார்.

கீழே பேராசிரியரின் பெயர்: வேதமூர்த்தி. உரையின் தலைப்பு: 'எளிய மக்களிடம் விற்பதன் அறம்'.

எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டப்பாவை மூடி வைத்தேன். 'மிக்க மகிழ்ச்சியுடன் அழைத்து வருகிறேன்' என்று பதில் போட்டேன். பதின்மூன்று வருடத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு பிழைகூட இல்லாமல் நான் எழுதிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

2

அவருக்கு நான் யார் என்று தெரிய வழியில்லை. அதற்கு இந்த ஊர்க் குடியேற்ற அலுவலகத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சென்னையில் நான் கோ. ஹேமாவதி. மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த கோதண்டபாணியின் மகள். இங்கே வந்த புதிதில், விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி அதைத் திருப்பித் தள்ளினார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து அப்பாவுடையது என்று விளக்கினேன். "அப்பாவுக்குக் குடும்பப் பெயர் என்ன?" என்றார். அவருக்கும் ஒற்றை எழுத்துதான் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று முதல் நான் ஃப்ராவ் கோதண்டபாணி, அதாவது திருமதி கோதண்டபாணி.

அந்தப் பெயரின் முதல் அசை ஜெர்மன் காதில் மலம் என்று விழும் என்பது என் மகள் மதுரா பள்ளிக்குப் போய் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை கூட்டங்களில் என் பெயரைக் கூப்பிடுமுன் எல்லோரும் ஏன் ஒரு கணம் தயங்குகிறார்கள் என்று புரியாமல்தான் இருந்தேன்.

என் கட்டுரைகள் எல்லாம் 'எச். கோதண்டபாணி' என்ற பெயரில்தான் வெளியாகியிருக்கின்றன. கருத்தரங்கு நிரலிலும் அந்தப் பெயர்தான். வேதமூர்த்தி அதைப் படித்திருந்தாலும், யாரோ ஒரு கோதண்டபாணி என்றுதான் நினைத்திருப்பார்.

3

பதினாறு வருடத்துக்கு முன்னால் சென்னையில் நான் அவரிடம்தான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். என் கேள்வி அப்பாவின் கடையில் பிறந்தது. பிள்ளைகள் உயரமாக வளரும் என்று சொல்லி விற்கும் சத்துப் பொடியைச் சின்னப் பொட்டலமாக ஒவ்வொன்றாக வாங்கிப் போகும் பெண்களை அப்பா பல வருடம் பார்த்திருக்கிறார். "அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்னு நான் சொன்னா, தெரியும் சார்ங்கிறாங்க ஹேமா. தெரிஞ்சும் ஏன் வாங்குறாங்க?" என்பார். அதுதான் என் ஆய்வு. தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள்?

ஒன்றரை வருடம் அடையாற்றங்கரைக் குடிசைகளில் அலைந்தேன். கையில் ஒரு சின்ன ரெக்கார்டர், ஒப்புதல் படிவங்கள். முதலில் பேசிய பதினாறு பேரும் நான் என்ன கேட்க விரும்புகிறேன் என்று யூகித்து அதையே சொன்னார்கள். பதினேழாவதாகப் பேசியவர் கஸ்தூரி அக்கா.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல். மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்புவார். நான் வாசலில் காத்திருப்பேன்.

"வந்துட்டியா பொஸ்தவத்த தூக்கிக்கினு? உக்காரு. மொதல்ல சோறு துன்னியா, அத்த சொல்லு" என்பார்.

ஒரு நாள் கேட்டேன்: "அக்கா, அந்தப் பொடியில என்ன இருக்குன்னு தெரியுமா?"

"சக்கரை. வேற இன்னா? நாக்குல வச்சா தெரியாதா எனக்கு? நான் ஆக்குறவ."

"அப்புறம் ஏன் வாங்குறீங்க?"

அக்காவின் மகள் ரேவதிக்கு அப்போது ஏழு வயது. உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இஸ்கூல்ல ப்ரேயருக்கு ஒசரம் பாத்து வரிசையா நிக்க வெக்கிறாங்கோ. குள்ளமா கீறது மொதல்ல. எம் பொண்ணுதான் மொத ஆளு. தெனமும். அல்லாரும் எம் புள்ள ஃபர்ஸ்ட்டு வரணும், ஃபர்ஸ்ட்டு வரணும்னு சாமிய கும்புடுறாங்கோ. நான் ஒருத்திதான் எம் பொண்ணு கடைசில நிக்கணும்னு கும்புட்டுக்கினு கீறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று முறை கத்தியது. எல்லாம் ஒலிப்பதிவில் இருக்கிறது.

அன்று எனக்கு விடை கிடைத்தது. அவர்கள் அறியாமையில் வாங்கவில்லை. நல்ல தாய் இல்லை என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் வாங்குகிறார்கள். அந்தப் பயத்தைத் தூண்டும் உயர அட்டவணைகளைப் பொட்டலத்திலிருந்து நீக்கச் சொல்லி அரசுக்கு எழுத வேண்டும் என்பது என் திட்டம். ஒலிப்பதிவுகளையும் எழுத்து வடிவத்தையும் வேதமூர்த்தியிடம் கொடுத்தேன். நெறியாளரிடம் கொடுக்காமல் யாரிடம் கொடுப்பது?

"பிரமாதம்மா. இந்தப் பதினேழு இருக்கே, இது தங்கம்" என்றார்.

4

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, மந்தைவெளி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய விளம்பரம். பள்ளி வரிசை. கடைசியில் ஒரு பெண் குழந்தை நெடுநெடுவென்று நிற்கிறாள். கீழே எழுதியிருந்தது: 'எல்லா வரிசையிலும் முதல். இந்த வரிசையில் மட்டும் கடைசி!' பக்கத்தில் சத்துப் பொடி டப்பா. அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வர வேண்டிய பேருந்து வந்து போனதுகூடத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, எங்கள் ஆய்வு நிறுவனத்தின் வாசலில் ஒரு பெண் சத்தம் போடுகிறார் என்று காவலாளி எனக்கு ஆள் அனுப்பினார். கஸ்தூரி அக்கா. வேலைக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தார்.

"பஸ்ல வரசொல்லோ பாத்தேன். ரேவதி படிச்சி காட்டுறா, 'யம்மா, இது நீ சாமிகிட்ட கேப்பியே'ன்னு. நான் உங்கிட்ட அழுதத நீ செவுத்துல ஒட்டிட்டியேடீ."

"அக்கா, நான் இல்ல. சத்தியமா நான் குடுக்கல."

"நீ குடுக்கலன்னா காத்துல போச்சா? உன்னத் தவர நான் யார்கிட்ட சொன்னேன்? எங்க ஊட்டுக்காரர்கிட்டயே சொன்னதில்ல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே எங்க ஊட்டு பக்கம் வந்துறாத."

நேராக வேதமூர்த்தியின் அறைக்குப் போனேன். அந்தச் சத்துப் பொடிக் கம்பெனிக்கு அவர் ஆலோசகர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மறைக்கவே இல்லை மனிதர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்:

"டேட்டாக்கு ஏதும்மா ஓனர்? அந்தப் பொம்பள சொன்னா. நீ எழுதின. நான் புரிஞ்சுக்கிட்டேன். புரிஞ்சுக்கிட்டவனுக்குத்தான் அது சொந்தம்."

அடுத்த மாதம் ஓர் ஆங்கில ஆய்விதழில் அவர் பெயரில் மட்டும் கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில், களப்பணியில் உதவிய 'செல்வி ஹேமலதா'வுக்கு நன்றி. என் பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை. மேலிடத்தில் புகார் கொடுத்தேன். விசாரித்தவர்கள் அவரோடு காபி சாப்பிடுகிறவர்கள். நெறியாளரை நடுவில் மாற்ற விதியில் இடமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர் என் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். ஒரு வருடம் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இங்கே வந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ரெக்கார்டரை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன்.

5

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேற்று மொழியில் வாழ்க்கை நடத்தலாம், வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம். கோபப்படுவதுதான் கஷ்டம். வாய் திறந்தவுடன் வேற்றுமை உருபு தப்பிவிடும், எதிரில் இருப்பவர் அதைத் திருத்துவார், கோபம் பாதியில் அசடு வழிந்து நிற்கும். வந்த முதல் வருடம் துறை விருந்தில், இன்னும் வேண்டுமா என்று கேட்டவரிடம் 'வயிறு நிறைந்துவிட்டது' என்று சொல்வதாக நினைத்து, 'நான் முழுக்கக் குடித்திருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் யாரிடம் போய் எந்த வார்த்தையில் சண்டை போடுவது?

அதனால் சேர்த்து வைத்தேன். வேதமூர்த்திக்கு விருது கிடைத்த செய்தி, அவர் ஓர் அறநெறிக் குழுவின் தலைவரான செய்தி, எல்லாவற்றையும் கணினியில் ஒரே கோப்பில் போட்டேன். அவருடைய உரைகளின் காணொளிகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் தவறாமல் ஒரு கதை வரும். 'ஒரு முறை, ஆற்றங்கரையில் ஒரு குடிசைக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் என்னிடம் சொன்னாள்...' என்று தொடங்குவார். கஸ்தூரி அக்காவின் வாக்கியத்தை முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, தொண்டையைச் செருமுவார். கூட்டம் உருகும்.

கணவருக்கு வேறு ஊரில் வேலை, வார இறுதியில்தான் வருவார். நான் அந்தக் காணொளிகளைப் பார்ப்பதை அதிகம் பார்த்தவள் மதுராதான். பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். "அம்மா, இது பழைய கதை. ஏன் இன்னும்?" என்றாள் ஒரு நாள். அவளுக்கு அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டாள். 'கும்புட்டுக்கினு கீறேன்' என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "குழந்தைகளை எதற்கு உயரப்படி நிற்க வைக்கிறார்கள்?" என்று கேட்டாள். நானும் அப்படி நின்றவள்தான். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஃப்ராவ் லூடர்ஸின் மின்னஞ்சல் வந்த மறுநாள், பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் பொது மேடையில் போடலாமா என்று கேட்டேன். பேசியவரிடமிருந்து புதிதாக எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று ஏழு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். இந்த ஊரின் படிவங்களைப் பதின்மூன்று வருடமாகத் திட்டியவள் நான். அன்று அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

6

டிசம்பரில் சென்னைக்குப் போனேன். கஸ்தூரி அக்காவின் வீடு அங்கே இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு கரையிலிருந்தவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஆனால் வேலை அதே ராஜா அண்ணாமலைபுரத்தில்தானாம். விடியலில் இரண்டு பேருந்து மாறி வருகிறாராம்.

முதல் நாள் அவர் சமைக்கப் போகும் அடுக்ககத்தின் வாசலில் நின்றேன். அக்கா வெளியே வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது நடையிலேயே தெரிந்தது. தாண்டிப் போய்விட்டார்.

இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நின்றார். "இன்னா வோணும் உனக்கு?"

"அந்த ஆள் எங்க ஊருக்கு வர்றான் அக்கா. மேடையில ஏறிப் பேசப் போறான்."

"வந்தா வரட்டும். எனக்கு இன்னா?"

"நீங்க சொன்னத, தனக்குச் சொன்னதா எல்லா ஊர்லயும் போய்ச் சொல்லிக்கிட்டிருக்கான். உங்க வீட்ல வந்து உட்கார்ந்தானாம்."

அக்காவின் கையில் இருந்த பை தரைக்கு வந்தது. "எங்க ஊட்லயா? அவன் மூஞ்சியே எனக்குத் தெரியாதே!"

பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். விளம்பரம் எப்படி வந்தது, நான் புகார் கொடுத்தது, ஊரை விட்டுப் போனது. காணொளியைக் கைபேசியில் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றும் இடத்தில் அக்கா 'தூ' என்றார். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல நீ? நான் வராதன்னா வராம பூடுவியா?"

"பயமா இருந்துச்சு அக்கா."

"பயம்! நான் இத்தினி வருசமா உன்னத் திட்டிக்கினு கீறேன். வேஸ்ட்டா போச்சு அத்தினி திட்டும்." பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு கேட்டார்: "செரி. உன் நோட்டுல எனக்குப் பேரு இன்னா?"

"அது வந்து... ஆய்வுல பேர் போட மாட்டோம் அக்கா. உங்க பாதுகாப்புக்குத்தான். பதினேழு."

"இன்னாது?"

"தகவலாளர் பதினேழு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"ரேசன் கடைலகூட பேரச் சொல்லித்தான் கூப்புடுறான். மறைச்சு வையின்னு யாரு உன்னக் கேட்டா? அவன் எம் பேச்ச திருடினான். நீ எம் பேர எடுத்துட்ட. ரெண்டு பேரும் படிச்சவங்கோ."

பதினான்கு வருடமாக என்னை நல்லவள் பக்கத்தில் நிறுத்தி, அவரை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். அக்கா ஒரே வாக்கியத்தில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். எம் பேரச் சொல்றதானா அந்த டேப்ப போடு. இல்லாங்காட்டி போடாத."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ரேவதி கதவைத் திறந்தாள். இருபத்திரண்டு வயது, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அம்மாவின் தோளுக்குத்தான் வருகிறாள். "இன்னிக்கும் குரூப் போட்டோல என்னத்தான் முன்னாடி இழுத்து வுடுறாங்கோ" என்று சிரித்தாள். நான் தமிழாக்கி வைத்திருந்த ஏழு பக்கத்தையும் அம்மாவுக்கு அவள்தான் வாசித்துக் காட்டினாள். பெயரை வெளியிடலாமா என்ற கேள்விக்கு எதிரே இருந்த கட்டத்தில், டிக் போட்டால் போதாது என்று அக்கா முழுப் பெயரையும் எழுதினார். பிறகு என் கைபேசியை வாங்கி, வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, தானாகவே ஒரு நிமிடம் பேசினார்.

7

மார்ச்சில் ரயில் நிலையத்தில் வேதமூர்த்தியின் பெட்டியை நான்தான் தள்ளினேன். முடி வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"தமிழ் முகத்தப் பார்த்ததும் உசுரு வந்ததும்மா. சென்னைல எங்க?"

"மந்தைவெளி சார்."

"அட, நம்ம பக்கம்! நான் அடையாறு." என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"சென்னைல எல்லாரும் எல்லாரையும் எங்கயாவது பார்த்திருப்போம் சார்."

சைவ உணவகத்துக்கு அழைத்துப் போனேன். தயிர் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பணிவாக இருந்தேன். அந்தப் பணிவை நான் எவ்வளவு ரசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் தன் உரையைப் பற்றிச் சொன்னார், அதில் வரும் கதையையும் சொன்னார். "நாளைக்குக் கேளுங்க. கண்ல தண்ணி வந்துடும்" என்றார். "காத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றேன்.

அது பொய்யில்லை.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். எளிய மக்களின் கண்ணியம் பற்றி அழகாகப் பேசினார். கடைசியில் குடிசை வந்தது, தாய் வந்தாள், வரிசை வந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் கேள்வி நேரம். ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் கேட்டேன்: "அந்தத் தாயின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

அவர் கனிவாகச் சிரித்தார். "ஆய்வு அறத்தின்படி பெயரை வெளியிடக் கூடாது அல்லவா? அது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கட்டும்."

"வெளியிடச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று படிவத்தை உயர்த்திக் காட்டினேன். பிறகு கைபேசியை ஒலிவாங்கியோடு சேர்த்துப் பிடித்தேன்.

முதலில் பழைய ஒலிப்பதிவு. என் இளம் குரல் கேட்கிறது, 'அப்புறம் ஏன் வாங்குறீங்க?' அக்காவின் பதில். சிரிப்பு. அழுகை. குக்கர். ஒரு சொல்லும் புரியாத அரங்கில் யாரும் அசையவில்லை. அடுத்து டிசம்பரில் பேசியது:

"எம் பேரு கஸ்தூரி. இத்த சொன்னது நான். சொன்னது ஹேமாகிட்ட. அந்த ஆளு எங்க ஊட்டுக்கு வந்ததே இல்ல. எங்க ஊடு எந்த பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கேளு அவன. எம் பொண்ணு குள்ளமாத்தான் கீறா. நல்லாத்தான் கீறா. எங்கதைய சொல்லி நீ சோறு துன்ன வோணாம்."

நானும் மதுராவும் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பை வாசித்தேன். கடைசி வரியை என்னைவிட அவள் நன்றாகப் பிடித்திருந்தாள். வாசித்து முடித்துவிட்டு, வேதமூர்த்தியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "நான் கோ. ஹேமாவதி சார். ஹேமலதா இல்ல. வீடு எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு அக்கா கேக்கறாங்க."

அவர் களப் பணியாளர்கள் பற்றியும் கூட்டு முயற்சி பற்றியும் ஏதோ ஆரம்பித்தார். எந்த வாக்கியமும் முடியவில்லை. அமர்வுத் தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார். நிரல்படி இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வெளியே வந்ததும் அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "முடிஞ்சுது அக்கா. பேரச் சொல்லிட்டேன்." "மத்தத அப்புறம் முகம் பார்த்துச் சொல்றேன்" என்று முடித்தேன்.

8

பிறகு நடந்தது மெதுவாகத்தான் நடந்தது. ஒலிப்பதிவுகள், பழைய மின்னஞ்சல்கள், என் கையெழுத்துக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து அவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இப்போது யார் அதைத் தேடினாலும் அவர் பெயருக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் அந்த அறிவிப்பு வருகிறது. வாரம் ஒரு முறையாவது போய்ப் பார்க்கிறேன். அறநெறிக் குழுவிலிருந்து உடல்நலக் காரணங்களால் விலகிக்கொண்டார் என்று கேள்வி.

எனக்கும் விலை உண்டு. 'எழுத்தில் புகார் கொடுத்திருக்கலாமே, மேடையில் எதற்கு?' என்றார் துறைத் தலைவர். அடுத்த கருத்தரங்குக் குழுவில் என் பெயர் இல்லை. இந்த ஊர்த் தமிழர் வாட்ஸாப் குழுவில் ஒருவர், 'நம்ம ஆளை வெள்ளைக்காரன் முன்னால் இப்படி அவமானப்படுத்தலாமா?' என்று எழுதினார். பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். 'கஸ்தூரியும் நம்ம ஆள்தான்' என்று எழுதினேன். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று எங்கெங்கோ படித்திருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, அக்காவைக் காணொளியில் கூப்பிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டுரைய எடுத்துட்டாங்க அக்கா."

"எட்த்துட்டாங்கன்னா? கிழிச்சி போட்டாங்களா?"

"கிட்டத்தட்ட. தப்புன்னு மேலயே எழுதிட்டாங்க."

"செரி" என்றார். அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைபேசிக்கு அருகில் வந்தார். "அத்த வுடு. அன்னிக்கு எங்கொரல போட்டியே, அப்ப அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு? அத்த சொல்லு."

சொன்னேன். "முதல்ல சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். உங்க குரல் வந்ததும் அந்தச் சிரிப்ப எடுக்கவும் தெரியல, வச்சிருக்கவும் தெரியல. காது ரெண்டும் செவசெவன்னு ஆயிடுச்சு. தண்ணி பாட்டில் மூடியத் திறக்கப் பார்த்தார், வரல. தப்புப் பக்கமா திருகிக்கிட்டே இருந்தார். 'எங்க ஊட்டுக்கு வந்ததே இல்ல'ங்கிறதோட அர்த்தத்த நான் வாசிச்சப்போ, பக்கத்துல நின்ன ஜெர்மன்காரர் அவரை விட்டு ஓர் அடி தள்ளி நின்னார்."

"தள்ளி நின்னானா?"

"ஓர் அடி."

அக்கா சிரித்தார். இந்த முறை சிரிப்பு சிரிப்பாகவே போயிற்று. "ரேவதி! ஏய் ரேவதி! இங்க வாடி, கேளு இத்த." திரையில் இரண்டு முகங்கள் நெருங்கி வந்தன. "இன்னொரு தபா சொல்லு ஹேமா. மொதல்லர்ந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னேன். ஜெர்மன்காரரை இந்த முறை இரண்டு அடி தள்ளி நிற்க வைத்தேன். இத்தனை வருட ஆய்வில் தரவை நான் திருத்தியது அந்த ஒரே தடவைதான்.